அமைச்சர்களின் வாழ்க்கைக் குறிப்பு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

நூற்றாண்டு மலர் தயாரிப்பவர்களுக்கும், தேர்தல் நேரத்தில் பழைய அமைச்சர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் செய்தியாளர்களுக்கும் வணக்கம்.

"பத்தாண்டுகள் அமைச்சராக இருந்து எண்ணற்ற நன்மைகள் செய்தார்" என்ற வரியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்திவிடும். எந்தத் துறை எந்தத் தேதியில் கைக்கு வந்தது, எந்தத் தேதியில் போனது என்பதில்தான் ஓர் அமைச்சரின் வரலாறே இருக்கிறது.

பதவியேற்பு நாள் எளிதாகக் கிடைத்துவிடும். இலாகா மாற்றம்தான் கண்ணில் படாமல் நழுவும். ஏற்கெனவே அமைச்சராக இருப்பவருக்குத் துறை மாறினால் மறுபடி உறுதிமொழி ஏற்பு கிடையாது. விழா இல்லை, புகைப்படமும் இல்லை. ஆளுநர் மாளிகைச் செய்திக் குறிப்பையும் அரசிதழையும்தான் தேட வேண்டும். உள்துறை என்றதும் காவல்துறையையும் சேர்த்து எழுதிவிடாதீர்கள். காவல், சிறை, மதுவிலக்கு எல்லாம் ஒதுக்கீட்டில் தனித்தனி இனங்கள். காவலை முதலமைச்சரே வைத்துக்கொள்வது இங்கே வழக்கம்.

கக்கனை எடுத்துக்கொள்ளுங்கள். 1952இல் மதுரையின் மக்களவை உறுப்பினர். 1957இல் மேலூரில் வென்று காமராஜர் அமைச்சரவையில் பொதுப்பணித்துறைக்கு வந்தார். 1962இல் வேளாண்மை. 1963 அக்டோபரில் பக்தவத்சலம் முதலமைச்சரானபோது உள்துறை. 1967இல் தோல்வி. இதில் வைகை அணையை எங்கே வைப்பீர்கள்? திறப்பு 1959 ஜனவரியில். அப்போது பொதுப்பணித்துறை அவரிடம் இருந்தது. ஆனால் கட்டுமானம் அவர் அமைச்சராகும் முன்பே தொடங்கிவிட்டது. "அவர் காலத்தில் கட்டி முடிக்கப்பட்டது" என்றால் சரி. "அவர் கொண்டுவந்த அணை" என்றால் பிழை. இன்னொன்று, 1957இல் மேலூர் இரட்டை உறுப்பினர் தொகுதி, அதாவது ஒரே தொகுதியிலிருந்து இருவர் தேர்வானார்கள். 1967இல் அவர் தோற்றது மேலூர் தெற்கில். வெறுமனே "மேலூர்" என்று எழுதினால் குழப்பம்தான். மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் மாறிய 1969 ஜனவரி 14க்கு முந்தைய பதவிக்குச் "சென்னை மாநில அமைச்சர்" என்று போடுவதே முறை.

அரசாணையைச் சான்றாகக் காட்டுபவர்கள் அதன் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். "ஆளுநரின் ஆணைப்படி" என்று இருக்கும், கீழே துறைச் செயலாளரின் பெயர் இருக்கும். அமைச்சர் பெயரை அதில் தேடிப் பயனில்லை. எனவே ஆணையின் தேதியை எடுத்து, அன்று அந்தத் துறை யாரிடம் இருந்தது என்று பொருத்திப் பார்க்க வேண்டும். தமிழ் ஆணைகளில் திருவள்ளுவர் ஆண்டும் இருக்கும். 31ஐக் கழித்தால் ஆங்கில ஆண்டு வரும். ஜனவரி முதல் பாதியில் வந்த ஆணை என்றால் 30ஐக் கழிக்க வேண்டும், ஏனெனில் புது ஆண்டு தை முதல் நாளில்தான் பிறக்கிறது. அமைச்சரின் பெயரும் கணக்கும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால், துறைக்கு நிதி கேட்கும் மானியக் கோரிக்கையோடு பேரவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பே நல்ல ஆவணம். ஆனால் அதில் அறிவிப்பும் இருக்கும், நிறைவேறியதும் இருக்கும். அறிவிப்பைச் சாதனைப் பட்டியலில் ஏற்றுவதுதான் மலர்களில் அடிக்கடி காணும் கோளாறு. அடுத்த ஆண்டுக் குறிப்பையும் புரட்டுங்கள்.

அவைக்குள் வந்த வழியையும் எழுதுங்கள். எந்த அவையிலும் இல்லாதவர் ஆறு மாதம் வரை அமைச்சராக இருக்கலாம் (அரசியலமைப்புச் சட்டப் பிரிவு 164(4)). காமராஜர் 1954இல் முதலமைச்சரான பிறகே குடியாத்தம் இடைத்தேர்தலில் வென்றார். 1967இல் மக்களவைக்கு வென்றிருந்த அண்ணா, முதலமைச்சராகி மாநிலச் சட்ட மேலவைக்கு வந்தார். அந்த மேலவை 1986 நவம்பரோடு போய்விட்டது.

வழக்குகளில் நிதானம் தேவை. முதல் தகவல் அறிக்கை, குற்றச்சாட்டுப் பதிவு, தண்டனை மூன்றும் வேறு வேறு. இரண்டாண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்ற உறுப்பினர், மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்தால் முன்பு பதவியில் நீடிக்க முடிந்தது. உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 10 அன்று அந்த வழியை அடைத்தது. ஆகவே பதவி பறிபோன நாளைக் குறிக்கும் முன், தீர்ப்பு அந்தத் தேதிக்கு முன்னா பின்னா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
பேரவை ஆவணங்களோடு பழகிய சிலர்