பாப்பாவின் துப்பாக்கிக்கு ஒரு கட்டை

பர்மிங்காம்
அக்டோபர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி வந்தது. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் நலம். பெரியவனுக்கு லீட்ஸில் வேலை கிடைத்து அங்கேயே வீடு பார்த்துப் போய்விட்டான். குளிர் ஆரம்பித்ததும் இவளுக்கு முழங்கால் வலியும் ஆரம்பித்துவிட்டது. நீ அனுப்பிய தைலம் நன்றாகவே கேட்கிறது.

பாப்பா ட்ராப் சுடுகிறாள், அதாவது பறக்கிற களிமண் தட்டைச் சுடும் ஆட்டத்தில் இறங்கிவிட்டாள் என்ற செய்தியை இவளுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் ட்ராப் சுட்டபோது, நம் பக்கத்திலிருந்து இந்த ஆட்டத்துக்கு இன்னும் நாலு பிள்ளைகள் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தோம். உன் வீட்டிலிருந்தே ஒருத்தி கிளம்பிவிட்டாள். எனக்கு இருக்கிற சந்தோஷத்தை எழுதி முடியாது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அவள் அளவுக்குப் புதுக் கட்டை, அதாவது துப்பாக்கியைத் தோளில் தாங்குகிற மரப்பகுதி, செய்ய நல்ல கைவேலைக்காரர் யார், பர்மிங்காமில் சொல்லிச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறாய். ஆள் தேடுவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதுகிறேன். ஆனால் இந்த வருஷம் புதுக் கட்டை வேண்டாம். அவள் சுட ஆரம்பித்து ஒரு வருஷம்தான் ஆகிறது. துப்பாக்கியைத் தோளில் ஏற்றும் பழக்கம் இன்னும் மாறிக்கொண்டே இருக்கும். இன்றைக்கு அவள் நிற்கிற நிலைக்கு அளவெடுத்துச் செய்தால் அடுத்த வருஷம் அதே கட்டை அவளுக்கு இடைஞ்சலாகிவிடும்.

கன்னம் கன்றிப் போகிறது, மேற்கையில் நீலம் பாய்கிறது என்று எழுதியிருந்தாயே, அதை அலட்சியப்படுத்தாதே. ட்ராப்பில் தகுதிப் போட்டிக்கு ரவுண்டுக்கு 25 வீதம் ஐந்து ரவுண்டில் 125 தட்டு. தட்டு ஒன்றுக்கு இரண்டு தோட்டா வரை சுடலாம். தோட்டாவில் ஈயம் 24 கிராம்தான் என்றாலும், அத்தனை உதையையும் தவறான இடத்தில் வாங்கினால் மூன்றாவது ரவுண்டுக்குள் உடம்பு தானாகப் பயப்பட ஆரம்பித்துவிடும். ட்ரிக்கரை இழுக்கும் முன்பே கண் மூடும். பிறகு எந்தப் பயிற்சியாளர் வந்தாலும் அந்தப் பழக்கத்தை எடுப்பது பெரும்பாடு.

மேற்கையில் கன்றுவதற்குப் பெரும்பாலும் கட்டை நீளமாக இருப்பதுதான் காரணம். கடையில் வரும் துப்பாக்கியில் ட்ரிக்கரிலிருந்து கட்டையின் பின்பக்கம் வரை ஏறக்குறைய 14½ அல்லது 14¾ இன்ச் இருக்கும். சராசரி ஆணுக்கென்று வைத்த அளவு அது. பாப்பா உயரத்துக்கு அது அதிகம். இன்னொன்றும் இருக்கிறது. கட்டையின் கீழ்முனை நெஞ்சில் குத்துவதால் பெண்கள் தங்களையறியாமல் அதைக் கைப்பக்கம் நகர்த்திக்கொள்வார்கள். அந்த முனையைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி, பின்பக்கத்தின் சாய்வையும் சேர்த்து மாற்றினால் கட்டை தோள்குழியில் ஒழுங்காக உட்காரும். கன்னம் கன்றுவது, முகம் பதிகிற, கட்டையின் மேல்முதுகின் உயரமோ சரிவோ ஒத்துவராததால். கழுத்து நீளமானவர்களுக்கு அந்த முதுகை உயர்த்தி, குழலுக்கு இணையாக ஓடவிட்டு, பின்னால் தோளுக்கு மட்டும் இறக்குவார்கள். மோன்டி கார்லோ என்பது அந்த அமைப்புதான்.

இத்தனை நுணுக்கம் எதற்கு என்று உனக்குத் தோன்றலாம். ரைஃபிளில் பின்னால் ஒரு குறி, முன்னால் ஒரு குறி இருக்கும். இந்தத் துப்பாக்கியில் முன்னால் ஒரு சின்ன மணி மட்டும்தான். பின்குறியாக இருப்பது சுடுகிறவளின் கண். கன்னம் கட்டையில் எங்கே பதிகிறதோ அதுதான் கண்ணின் இடத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே கட்டை செய்கிறவர் உண்மையில் குறியைத்தான் செய்கிறார்.

அதற்கும் முன்னால் ஒரு சின்னச் சோதனை. எந்தக் கண் ஓங்கிய கண் என்று பார்த்தீர்களா? இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு தூரத்தில் ஒரு பொருளை விரலால் காட்டச் சொல். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் அதே பொருளின் மேல் நிற்கிறதோ அதுதான் ஓங்கிய கண். வலது தோளில் சுடுகிறவளுக்கு அது இடது கண்ணாக இருந்தால், கண்ணாடியில் அந்தப் பக்கம் சின்ன ஒட்டுத்தாள் ஒட்டுவதா, அந்தக் கண்ணைச் சாத்திச் சுடுவதா, தோளையே மாற்றுவதா என்பதைப் பயிற்சியாளர் முதலில் முடிவு செய்யட்டும். அதற்கு முன் மரத்தில் உளி வைக்கக் கூடாது.

இப்போதைக்கு இருக்கிற கட்டையையே திருத்துங்கள். பின்னால் உள்ள ரப்பரைக் கழற்றி நீளத்தைக் குறைக்கலாம். மேல்முதுகை வெட்டி ஏற்றி இறக்கும்படி கம்பி வைத்துத் தருவார்கள். பக்கச் சாய்வு வேண்டுமென்றால், பிடியின் கழுத்தில் சூடேற்றிக் கட்டையை மெல்ல வளைப்பதுண்டு. சூடான எண்ணெயாலோ விளக்காலோ செய்கிற வேலை அது. கை பழகாதவரிடம் கொடுத்தால் கட்டை பிளந்துவிடும். இவையெல்லாம் புதுக் கட்டையின் விலையில் ஒரு பங்குகூட ஆகாது. அப்படித் திருத்திய கட்டையோடு அவள் ஒரு சீசன் சுடட்டும். கடைசியில் எந்த அளவில் நிலைக்கிறாளோ அதைத்தான் புதுக் கட்டைக்குக் கொடுக்க வேண்டும்.

இனி ஆள் தேடுவது. இந்த ஊரில் துப்பாக்கித் தொழில் ஒரு காலத்தில் ஒரு பேட்டையையே நிரப்பியிருந்தது. குழல் செய்கிறவர், ஆக்ஷன் எனும் சுடும் இயக்கப் பகுதியைச் செய்கிறவர், கட்டை செய்கிறவர், செதுக்குகிறவர் என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ஆட்கள். இப்போது அந்தத் தெருக்களில் எஞ்சியிருப்பவர்கள் கொஞ்சம் பேர். 1813-இல் தொடங்கிய ப்ரூஃப் ஹவுஸ் மட்டும் இன்றும் குழல்களைச் சோதித்து முத்திரை குத்திக்கொண்டிருக்கிறது. கட்டைக்கு அப்படி முத்திரை கிடையாது. அதனால் விசாரித்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டும்.

எனக்குக் கட்டை செய்ய நினைத்தபோது, எங்கள் மைதானத்தில் நன்றாகச் சுடுகிறவர்களின் துப்பாக்கிகளைப் பார்த்துப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டேன். செய்து சில வருஷம் ஆன கட்டைகளைத்தான் முக்கியமாகப் பார்த்தேன். புதிதில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். ஐயாயிரம் தோட்டா போன பிறகு இரும்பும் மரமும் சேருகிற கோட்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்தால் வேலை தெரிந்துவிடும். அப்படித் தேடிப் போனதில் ஒருவர், நான் உள்ளே நுழைந்ததுமே மரங்களை எடுத்து வரிசையாக அடுக்கி ரேகையைக் காட்டினார். கண்ணைப் பறிக்கிற ரேகைதான். ஆனால் நான் என்ன சுடுகிறேன் என்று அவர் கடைசிவரை கேட்கவில்லை. இன்னொருவர் மரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. துப்பாக்கி காலியா என்று தானே திறந்து பார்த்துவிட்டு, கண்ணை மூடித் தோளில் ஏற்று, இப்போது கண்ணைத் திற என்றார். திரும்பத் திரும்ப அதையே செய்யச் சொல்லி, எதிரே நின்று குழலின் மேல்வழியாக என் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேலையை அவரிடம்தான் கொடுத்தேன்.

அடுத்து, எல்லாப் பக்கமும் திருகி மாற்றக்கூடிய கட்டை பொருத்திய அளவுத் துப்பாக்கியோடு என்னை மைதானத்துக்குக் கூட்டிப் போனார். 16 கஜம் தள்ளி வெள்ளையடித்த இரும்புத் தகடு. யோசிக்காமல் ஏற்றிச் சுட வேண்டும். குண்டுகளின் நடு, குறியிலிருந்து தகட்டில் 1 இன்ச் தள்ளி விழுந்தால் கட்டையில் 1/16 இன்ச் திருத்தம். கண்ணுக்கும் குழல் முனைக்கும் இடையே ஏறக்குறைய ஒரு கஜம் என்பதால் வருகிற கணக்கு அது. ட்ராப்பில் தட்டு மேலேறிக்கொண்டே போகும். அதனால் பாப்பாவின் துப்பாக்கி குறிக்குச் சற்று மேலேயே சுட வேண்டும். இதைக் கேட்காமல் அளவெடுக்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடு.

அவர் பட்டறையில் நான் பார்த்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஆக்ஷனின் பின்பக்க இரும்பை ஒரு சின்ன எண்ணெய் விளக்கின் புகையில் காட்டிக் கரி பிடிக்கவைப்பார். அதை மரத்தில் குடைந்த பள்ளத்தில் வைத்து ஒரு தட்டுத் தட்டுவார். வெளியே எடுத்தால், இரும்பு தொட்ட இடத்தில் மட்டும் மரத்தில் கரிப்பொட்டு இருக்கும். அந்தப் பொட்டை மட்டும் உளியால் சீவுவார். சீவல் காகிதத்தைவிட மெல்லியது. மறுபடி புகை, மறுபடி தட்டு, மறுபடி சீவல். முதலில் இரண்டு மூன்று பொட்டுதான் விழும். போகப்போகப் பள்ளம் முழுவதும் ஒரே சீராகக் கறுக்கும். அதுவரை அவர் விடமாட்டார். இரும்பு ஓரிடத்தில் மட்டும் அழுத்தினால் உதை முழுவதும் அங்கே இறங்கி மரம் பிளக்கும். வெளி உருவத்தை மிஷினில் வெட்டுவதில் ஒரு குறையும் இல்லை. அவரே அப்படித்தான் செய்கிறார். இந்தப் பொருத்தல் மட்டும் கையால் நடக்கிறதா என்று கேட்டுக்கொள்.

மரம் வால்நட்தான், அதாவது அக்ரூட். உதையைத் தாங்கும், எடையும் அளவானது, நுணுக்கமாகச் செதுக்கலாம். துருக்கி மரத்துக்கு இங்கே மவுசு அதிகம். கழுத்துப் பகுதியில் ரேகை நேராக ஓட வேண்டும். பூ வேலைப்பாடு போன்ற ரேகையெல்லாம் பின்பக்கத்தோடு நிற்கட்டும். பல வருஷம் காற்றில் உலர்ந்த மரமாக இருக்க வேண்டும். நம் ஊர் மழைக்கால ஈரத்துக்கு, உள்ளே குடைந்த பள்ளத்துக்கும் ரப்பருக்கு அடியிலும்கூட எண்ணெய்ப் பூச்சு கொடுக்கச் சொல். வெளியே மட்டும் பளபளவென்று இருந்து பிரயோஜனமில்லை. பிடியில் கீறுகிற கட்டங்களும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். திருச்சி வெயிலில் வியர்க்கிற கைக்கு மிக நெருக்கமான கோடுகள் பிடி கொடுக்காது.

இங்கே சொல்லிச் செய்வதைவிட அங்கே செய்வதைத்தான் நான் விரும்புகிறேன். சுடுகிறவளும் துப்பாக்கியும் எதிரில் இல்லாமல் எண்களை மட்டும் அனுப்பிச் செய்வது பாதிக் கிணறுதான். நம் நாட்டிலேயே ஜம்முவிலும் பீகாரின் முங்கேரிலும் தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். காஷ்மீரில் வால்நட் விளைகிறது. பாப்பா போட்டிக்கு டெல்லி போகும்போது துக்ளகாபாத் கர்ணி சிங் மைதானத்தில் மூத்த ட்ராப் வீரர்களிடம் கட்டையை யாரிடம் திருத்துகிறார்கள் என்று கேட்கச் சொல். எங்கே கொடுத்தாலும் பழுதுபார்க்கும் உரிமம் உள்ளவரிடமே கொடு. தெரிந்த தச்சர்தானே என்று துப்பாக்கியை விட்டுவிட்டு வந்தால் ஆயுதச் சட்டப்படி இரண்டு பேருக்கும் வம்பு.

இத்தாலியத் துப்பாக்கி என்று எழுதியிருந்தாய், மாடலை எழுதவில்லை. பெரட்ஸியாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. இத்தாலியில் பிரெஷா பக்கத்தில் உள்ள அவர்களுடைய தொழிற்சாலைக்கே உலகம் முழுவதிலிருந்தும் வீரர்கள் போய் அளவு கொடுத்துக் கட்டை செய்துகொள்கிறார்கள். பாப்பா என்றாவது ஐரோப்பாவுக்குப் போட்டிக்கு வந்தால் அந்தப் பயணத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். நானும் கூட வருகிறேன்.

எனக்குக் கட்டை செய்தவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. கூட வேலை கற்றுக்கொள்ள ஆள் இல்லை. அவர் உளியைக் கீழே வைத்தால் இந்தப் பக்கத்தில் அந்த வேலைக்கு யாரிடம் போவது என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. பாப்பாவைப் பற்றி அவரிடம் சொன்னேன். படம் வந்தால் பார்த்துச் சொல்கிறேன் என்றார். அதனால் காலித் துப்பாக்கியை அவள் தோளில் ஏற்றுவதை முன்பக்கத்திலிருந்தும் வலப்பக்கத்திலிருந்தும் மைதானத்தில் வைத்தே வீடியோ எடுத்து அனுப்பு. எடுக்கும் முன் பயிற்சியாளரும் ஒருமுறை திறந்து பார்க்கட்டும். குழலுக்கு நேரே யாரும் நிற்க வேண்டாம், போனை ஸ்டாண்டில் வை. இப்போதைய நீளத்தையும், கன்னம் பதிகிற இடத்தில் எத்தனை இன்ச் சரிவு என்பதையும் அளந்து எழுது. மாடல் பெயரும் வேண்டும்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். பொங்கலுக்கு வரப் பார்க்கிறோம். டிக்கெட் போட்டதும் எழுதுகிறேன்.

அன்புடன்,
ரவி