கிணறு தெரிகிறது, குணா

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு

அன்புள்ள குணா,

தீபாவளிக்கு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இன்னும் பதிலில்லாமல் கிடக்கிறது. எத்தனை தரம் திட்டியிருப்பாய் என்று எனக்குத் தெரியும், நியாயம்தான். இங்கே எல்லாரும் சுகம். மனுசிக்கு முழங்கால் நோ அப்படியே இருக்கிறது, வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. மொட்டையன் போன மாதம் வந்து என் தலையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். இனி அந்தப் பட்டம் யாருக்கு என்று நீதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் பாதியில் நீ குறுக்கே விழுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

மகளும் மருமகனும் காணி தேடுகிறார்கள் என்று சொன்னேன் அல்லவா? வெள்ளவத்தையில் நாங்கள் விலை கேட்கவே வெட்கம். தெஹிவளையும் கைக்கு எட்டாது. அலைந்து அலைந்து கொழும்புக்கு வெளியே கொலன்னாவைப் பக்கம் ஒரு துண்டு கிடைத்தது. 8 பேர்ச், சுமார் இருநூறு சதுர மீட்டர். ஊர்க் கணக்கில் ஒரு பரப்புக்கும் குறைவு. உன் அப்பா இருந்திருந்தால் "மாட்டுக்கொட்டில் போடவோ தம்பி?" என்று கேட்டிருப்பார். நல்ல வெயில் நேரமாகப் பார்த்துப் புரோக்கர் கூட்டிக்கொண்டு போனார். பத்தடிப் பாதை, புதுசாகக் கட்டிய மதில், செம்மண் கொட்டி மட்டப்படுத்திய தரை. "பக்கத்துக் காணியை விடப் பேர்ச்சுக்கு மூன்று லட்சம் குறைவு ஐயா, நாளைக்கு இன்னொரு பார்ட்டி வருது" என்றார். குதிக்காலால் தரையைத் தட்டிப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது. அன்றைக்கே 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

சிரிக்காதே. முப்பது வருஷம் கம்பனியில் அடுத்தவன் பில்லை மூன்று தரம் சரி பார்த்தவன், சொந்தக் காசுக்கு ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை.

அன்றிரவு நித்திரை வரவில்லை. போன வருஷம் நீ வீடியோவில் பெரிய பேராசிரியர் மாதிரி உன் ஸ்காபரோ வீட்டை ரொறன்ரோ நகர சபை வரைபடத்தில் காட்டினாயே, அது ஞாபகம் வந்தது. முகவரியை அடித்தாய், உன் காணியின் எல்லைக்கோடு வந்தது, மேலே ஆர்.டி. என்று இரண்டு எழுத்து. தனி வீட்டு வலயம் என்றாய். பக்கத்தில் எஃப் என்ற எழுத்தோடு ஓர் எண், அது காணி முகப்பு எத்தனை மீட்டருக்குக் குறையக்கூடாது என்பதற்கு. ஏ என்ற எழுத்தோடு இன்னொன்று, அது பரப்பளவுக்கு. 569-2013 என்ற வலயச் சட்டத்தை நீ திருக்குறள் மாதிரி ஒப்பித்தபோது எனக்குக் கொட்டாவி வந்தது. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு நான் பாதி நேரம் கிரிக்கெட் ஸ்கோர்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது இரவு ஒரு மணிக்கு லேப்டொப்பைத் திறந்து கொலன்னாவையைத் தேடினேன். உங்கள் ஊர் மாதிரி முகவரியை அடித்தவுடன் எல்லாம் வந்து விழவில்லை. ஆனால் கூகிள் ஏர்த் ப்ரோ இருக்கிறது, 2015இலிருந்து இலவசம். அதில் மேலே கடிகாரம் மாதிரி ஒரு சின்னப் படம். அதை அழுத்தினால் ஒரு கம்பி வருகிறது. கம்பியை இடப்பக்கம் இழுத்தால் பழைய செய்மதிப் படங்கள். முதலில் மதில் போனது. இன்னும் இழுத்தேன், பத்தடிப் பாதை போனது. இன்னும் கொஞ்சம், செம்மண் பாதியாகக் குறைந்து லொறி போன தடம் மட்டும் இரண்டு கோடாகத் தெரிந்தது. அதற்கும் முன்னால் போனால் எல்லாம் பச்சை. நடுவில் கறுப்பாகத் தண்ணீர். நான் குதிக்காலால் தட்டிய இடத்தில், குணா, தண்ணீர். கொக்கு ஒன்று மட்டும்தான் குறை.

கொழும்புக்கு 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரம் என்று உலக அங்கீகாரம் கிடைத்தது. பேப்பரில் பார்த்துப் பெருமைப்பட்டவர்களில் நானும் ஒருவன். அந்த ஈரநிலத்தில் 8 பேர்ச்சுக்கு நானே அட்வான்ஸ் கட்டுவேன் என்று நினைக்கவில்லை.

அதோடு விட்டேனா? எனக்கு ஒரு பைத்தியம் பிடித்துவிட்டது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் திட்டங்களும் வலயப் படங்களும் பி.டி.எஃப்.ஆக இணையத்தில் கிடைக்கின்றன. அதில் வேண்டிய துண்டைப் படமாக வெட்டி, கூகிள் ஏர்த்தில் கண்ணாடித் தாள் மாதிரி மேலே விரிக்கலாம். ஒரு மூலையை ரயில் கடவையில் பொருத்தினேன், இன்னொன்றை ஒரு பாலத்தில். இங்கே பொருந்தினால் அங்கே விலகும், அங்கே பொருந்தினால் இங்கே விலகும். விடிய நாலு மணிக்கு மனுசி எழும்பி வந்து, "சாமான் வாங்கப் போனால் கடை தெரியாது, இருட்டில் காணி தெரியுதோ?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள்.

கடைசியில் வலயக் கோடு சரியாக எங்கள் துண்டுக்குக் குறுக்கே போனது. உள்ளே என்று சொல்வதா வெளியே என்று சொல்வதா? அப்போதுதான் பள்ளிக்கூடத்துக் கொம்பஸ் மாஸ்டர் ஞாபகம் வந்தார். "பென்சிலைச் சீவடா, உன் கோட்டுக்குள்ளே ஒரு குடும்பமே குடியிருக்கலாம்!" நாம் எவ்வளவு சிரித்தோம். அந்த மனுஷன் சொன்னது கணக்கு, குணா. ஒன்றுக்குப் பத்தாயிரம் அளவுப் படத்தில் அரை மில்லிமீட்டர் கோடு என்றால் தரையில் 5 மீட்டர். 8 பேர்ச் என்பது 202 சதுர மீட்டர், பத்துக்கு இருபது என்று வை. அகலத்தில் பாதியைக் கோடே தின்றுவிடுகிறது. திரையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடுதான் தடிக்கிறது, உண்மை தெளிவாகவில்லை.

ஆகவே அடுத்த நாள் கடதாசி தேடிப் போனேன். உள்ளூராட்சி அலுவலகத்தில் ஒரு பிள்ளை பொறுமையாகச் சொன்னாள். வீதி அகலிப்புக்குக் காணியில் எவ்வளவு போகும் என்பது வீதிக்கோட்டுச் சான்றிதழில்தான் வருமாம். கால்வாய் ஒதுக்குப் பகுதியா என்று தனியாகக் கடிதம் எடுக்க வேண்டுமாம். காணி உறுதிப் பத்திரம் சரியா என்று காணிப் பதிவகத்தில் நொத்தாரிசு முப்பது வருஷம் பின்னுக்குப் போய்த் தேட வேண்டும். எல்லையை உரிமம் உள்ள சேவேயர் ஊன்றிக் காட்ட வேண்டும். "வரைபடத்தைப் பார்த்து எதைக் கேட்கவேணும் என்று தெரிஞ்சுகொள்ளுங்கோ அங்கிள், அதைப் பார்த்துக் காசு குடுக்காதேங்கோ" என்றாள். நான் அதைக்கூடப் பார்க்காமல்தான் கொடுத்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

ஆனால் என் கண்ணைத் திறந்தது அந்தப் பிள்ளையும் இல்லை, செய்மதியும் இல்லை. காணிக்குப் போகும் முடக்கில் ஒரு தேத்தண்ணிக் கடை. வயசான முதலாளி. இந்தப் பக்கம் வெள்ளம் வருமா என்று சும்மா கேட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய கலண்டரைத் தூக்கிக் காட்டினார். அதற்குக் கீழே, என் நெஞ்சு உயரத்தில், காவி நிறத்தில் நேராக ஒரு கோடு. "2016 மே" என்றார். களனி ஆறு பெருகிய அந்த வெள்ளம். கலண்டரை மறுபடி மெதுவாகத் தொங்கவிட்டு, "சீனி போடவா?" என்று கேட்டார்.

அட்வான்ஸில் ஒரு லட்சம் திரும்பி வந்தது. மற்றது "அடுத்த மாதம்". எந்த வருஷத்து அடுத்த மாதம் என்று கேட்க மறந்துவிட்டேன். மகள் ஒன்றும் சொல்லவில்லை. மருமகன் மட்டும் இப்போது எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் முதலில் எனக்கு அனுப்புகிறார், "மாமா, கம்பியை இழுத்துப் பாருங்கோ" என்று. மரியாதையா பகிடியா என்று தெரியவில்லை.

இனி உன் முறை. பழக்கதோஷத்தில் உன் வீட்டையும் பார்த்தேன். நகர சபை வரைபடம் மட்டும் இல்லை, உங்கள் பக்கம் டி.ஆர்.சி.ஏ. என்று ஆறுகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகார சபை ஒன்று இருக்கிறதே, அவர்களும் தேடு வரைபடம் வைத்திருக்கிறார்கள். உன் பின்வளவின் கடைசி மூலை அவர்களுடைய கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் விழுகிற மாதிரித் தெரிகிறது. ஹைலண்ட் கிரீக் பள்ளத்தாக்கின் விளிம்பு. வெள்ளம் வரும் என்று அர்த்தம் இல்லை, ஆனால் அங்கே எதையாவது கட்டுவதானால் பெரும்பாலும் முதலில் அவர்களுடைய அனுமதி வேண்டும். நீ அந்த மூலையில்தானே மரத்தளம் போட்டு மாப்பிள்ளை வீட்டாருக்குப் பார்ட்டி வைக்கப் போகிறேன் என்றாய்? பலகை வாங்கமுன் ஒரு தரம் கேட்டுவிடு. ஆர்.டி., எஃப், ஏ எல்லாம் ஒப்பித்த பேராசிரியர் இதை எப்படி விட்டார் என்று மட்டும் கேட்க மாட்டேன்.

அந்த அதிகார சபை ஏன் வந்தது என்று வாசித்துப் பார்த்தேன். 1954 அக்டோபரில் ஹேசல் புயல். ஒன்டாரியோவில் 81 பேர் போனார்கள். ஹம்பர் ஆற்றங்கரையில் ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் மட்டும் 35 பேர், ஒரே இரவில். அதற்குப் பிறகு வெள்ளச் சமவெளியில் வீடு கட்ட விடவில்லை, காணிகளை வாங்கிப் பூங்கா ஆக்கினார்கள். நீ ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போகும் அந்தப் பச்சை எல்லாம் சும்மா வந்த பச்சை இல்லை. இங்கே நாங்கள் பச்சையை நிரப்பி மதில் கட்டுகிறோம், கோட்டைக் கலண்டரால் மூடுகிறோம்.

இவ்வளவும் எழுதியதே இனிச் சொல்லப் போவதற்காகத்தான். ஐந்து நாளாக யோசித்தேன், சொல்வதா விடுவதா என்று.

போன செவ்வாய் இரவு நான் கூகிள் ஏர்த்தில் நம் ஊர் மாவிட்டபுரத்தைப் பார்த்தேன். நீ கேட்கவில்லை. இத்தனை வருஷமாக ஒரு நாளும் நீ கேட்டதில்லை, நானும் வாயெடுத்ததில்லை. கந்தசாமி கோயிலைப் பிடித்துக்கொண்டு, கீரிமலைக்குத் திரும்பும் சந்தியிலிருந்து ஒவ்வோர் ஒழுங்கையாக எண்ணினேன். சைக்கிளில் போன வழியைக் கை மறக்கவில்லை, மவுஸைப் பிடித்தபடி தானாகத் திரும்பியது. 1990 இடப்பெயர்வில் உன் அம்மா பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்த வீடு அந்த இடத்தில் இல்லை. கூரை இல்லை, சுவர் இருந்தாலும் பற்றைக்குள். நாலு வளவும் ஒரே பச்சையாக ஓடிப்போய்க் கிடக்கிறது, வேலி என்று ஒன்றுமே இல்லை. உன் அப்பாவும் அடுத்த வளவுக்காரரும் வேலிக் கதியாலைத் தள்ளி நட்டதாக நாலு விரல் அகலத்துக்கு மல்லாகம் கோர்ட்டுக்கு ஏழு வருஷம் நடந்தார்களே, அந்த நாலு விரல் எங்கே இருக்கிறது என்று இப்போது செய்மதிக்கும் தெரியாது.

ஆனால் கிணறு தெரிகிறது. வட்டமாக, கறுப்பாக, ஒரு பொட்டு மாதிரி. பெரிதாக்கினேன், கட்டின் விளிம்பு வெள்ளையாகத் தெரிந்தது. அந்தக் கட்டில் இருந்துதானே நாம் முதல் சிகரட்டைப் பிடித்து இருமினோம்.

அந்தக் கிணறு இருந்தால் மற்றதைக் கண்டுபிடிக்கலாம், குணா. உங்கள் உறுதியில் "கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் பாவனையும்" என்று எழுதியிருக்கும், நம் ஊர் உறுதிகளில் அது இல்லாமல் இராது. பழைய பிளான் ஒன்று கிடைத்தால் சேவேயருக்கு அந்தக் கட்டே அடையாளம், அங்கிருந்து அளந்து மூலைகளை ஊன்றலாம். இன்னொன்றும் யோசித்தேன். 1956இல் கொழும்புத் திட்டம் என்ற உதவித் திட்டத்தில் உன் கனடாக்காரர்கள்தான் வந்து இலங்கையை விமானத்திலிருந்து படம் பிடித்தார்கள், ஒன்றுக்கு நாற்பதாயிரம் அளவில். உங்கள் வீடு அதில் கால் மில்லிமீட்டர் இருக்கும், ஊசி முனை. இருந்தாலும் நாரஹேன்பிட்டவில் நில அளவைத் திணைக்களத்துக்குப் போய் ஒரு பிரதி எடுக்க முடியுமா என்று கேட்கப் போகிறேன். பென்சன்காரனுக்கு வேறு என்ன வேலை?

உறுதி உன்னிடம் இருக்கிறதா, தங்கச்சியிடமா? இருந்தால் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு, பின்பக்க முத்திரைகளையும் சேர்த்து. மடிப்பில் எழுத்து அழிந்திருந்தால் பரவாயில்லை, பிளான் இலக்கமும் தேதியும் தெரிந்தால் போதும். வேண்டாம் என்றால் அதையும் சொல், கோவிக்க மாட்டேன். கேட்காமல் பார்த்ததற்கு நீயும் கோவிக்காதே.

கிணற்றின் படத்தைச் சேமித்து வைத்திருக்கிறேன். இதோடு அனுப்பவில்லை. நீ கேட்டால் அனுப்புகிறேன்.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

உன்,
சிவா

பி.கு.: மரத்தளத்துக்கு அனுமதி கேட்க மறந்துவிடாதே. பார்ட்டிக்கு நான் வருவதாக இருந்தால் பள்ளத்தாக்குப் பக்கம் கதிரை போடாதே.