கல்லறை நடுவே ஒரு சுவர்

பாளையங்கோட்டை,
நவம்பர் 5

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டிவியில் அடியில் ஓடும் எழுத்தைக்கூட இப்போது வாசித்துச் சொல்கிறாள். போன மாதம் பெரியப்பா தவறிவிட்டார். பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம்.

மஸ்கட்டில் வெள்ளிக்கிழமைப் பூசையில் பிலிப்பினோ, கோவாக்காரர், மலையாளி, நீ என்று எல்லோரும் ஒரே வரிசையில் நின்று நற்கருணை வாங்கினீர்கள் என்றும், எல்லா மனிதருக்கும் பொதுவான மதம் இதுதானே என்றும் எழுதியிருந்தாய். ஞாயிற்றுக்கிழமைப் பூசையே அந்த ஊர் விடுமுறைக்காக வெள்ளிக்கு நகர்ந்திருக்கிறது, பார்த்தாயா? எனக்கு உடனே இத்தாலியிலிருந்து வந்த சேசுசபைப் பாதிரியார் நொபிலி ஞாபகம்தான் வந்தது.

அவர் 1606-ல் மதுரைக்கு வந்தபோது, அங்கே முன்பே பல வருடமாக இருந்த பாதிரியாரால் உள்ளூர்க்காரர் ஒருவரைக்கூடச் சேர்க்க முடியவில்லை. அது பறங்கி மதம் என்றே ஜனங்கள் ஒதுக்கினார்கள். நொபிலி காவி கட்டினார், மரக்கறி மட்டும் சாப்பிட்டார், தமிழும் சமஸ்கிருதமும் படித்தார். சேர்ந்தவர்கள் பூணூலும் குடுமியும் சந்தனமும் வைத்துக்கொள்ளலாம் என்று 1623-ல் ரோமாபுரியே அனுமதித்தது. கடவுளைச் சர்வேசுரன் என்று நம் பாட்டிமார் கூப்பிட்டார்களே, அது அவர் எழுத்தில் புழங்கிய சொல்.

இதுவரை எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் சாதியையும் அவர் ஊர் வழக்கம் என்ற கணக்கில் உள்ளே விட்டுவிட்டார். பிறகு மேல்சாதிக்குச் சந்நியாசிச் சாமியார், மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று குருக்களே இரண்டு வகையானார்கள். நம் ஜில்லா வடக்கன்குளம் மாதிரி ஊரில் இருக்கிற கத்தோலிக்கக் கோயிலை நினைத்துப் பார். 1872-ல் கட்டும்போதே இரண்டு சாதிக்கு இரண்டு கூடம், நடுவில் சுவர். பீடத்தில் நிற்கிற சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும், ஜனங்களுக்கு ஒருவரையொருவர் தெரியாது. 1910-ல்தான் சுவரை இடித்தார்கள், அதுவும் பெரிய தகராறுக்கு நடுவில்.

அதெல்லாம் பழைய கதை என்பாய். பெரியப்பாவை அடக்கம் செய்த கல்லறைத் தோட்டத்தில் இன்றைக்கும் சுவர் இருக்கிறது. ஆள் உயரம், மேலே கண்ணாடிச் சில்லு பதித்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் வேறு தெருக்காரர்களுக்கு. பங்குக் கோயில் ஒன்று, சாமியார் ஒருவர், கோயில் மணி ஒன்று.

கல்லறைத் திருநாளன்று அம்மாவைக் கூட்டிப் போனேன். மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு அம்மா செபமாலையைத் தொடங்கினார். "அருள் நிறைந்த மரியே" என்று அங்கே முடிந்ததும், இங்கே என் அம்மா கண்ணை மூடியபடி, "அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று பழைய செபத்திலேயே பதில் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு நொடி அமைதி. அப்புறம் செபமாலையின் அடுத்த மணி. பத்து மணியும் இப்படியே போனது. நான் அழுதுவிட்டேன், மாப்பிள்ளை.

பொதுவான மதம் இருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. உடை, பாஷை, சாப்பாடு, கிழமை எல்லாம் ஊருக்கு ஊர் மாறட்டும். யார் பக்கத்தில் யாரைப் புதைப்பது என்பதையும் ஊரே தீர்மானிக்கிறது என்றால், அந்த மதம் கொண்டுவந்த சேதிதான் என்ன? மஸ்கட் வரிசையில் உனக்கு முன்னால் நின்ற நம் ஜில்லாக்காரர், சொந்த ஊரிலும் அப்படி நிற்பாரா என்று ஒரு நாள் கேட்டுப் பார்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறாய் அல்லவா? பெரியப்பா கல்லறைக்குப் போவோம். வரும்போது அந்தப் பக்கக் கதவு வழியாக வருவோம். அம்மா அந்தக் குரலுக்கு உரியவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்