ஒகேனக்கலிலிருந்து பிச்சாவரத்துக்கு

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது.

ஆற்றில் வெள்ளம் கூடியதால் ஐந்து நாட்களாகப் பரிசல் ஓட்டத் தடை. இங்கே இரைந்து இறங்கும் இதே தண்ணீர்தான் மேட்டூரில் தங்கி, மிஞ்சியது முக்கொம்பில் கொள்ளிடமாகப் பிரிந்து, நீ துடுப்புப் போடும் அலையாத்திக் காட்டின் ஓரமாகக் கடல் சேர்கிறது. நல்ல தண்ணீர் வந்து உப்பை அலசாவிட்டால் அந்தக் காட்டில் சுரபுன்னை மரம் குறைந்து, உப்பைத் தாங்கும் வெண்கண்டல் மரம்தான் மிஞ்சும் என்று நீ சொன்னதிலிருந்து, வெள்ளத்தைத் திட்டுவதை நான் விட்டுவிட்டேன்.

பரிசல்காரன் மகன் படகுக்காரன் ஆனதில் என்ன பெருமை என்று கேட்பவர்களிடம், பிச்சாவரம் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம் என்றும், 2004 சுனாமியில் அலையின் வேகத்தைக் குறைத்துப் பின்னாலிருந்த ஊர்களைக் காத்தது அந்தக் காடுதான் என்றும் சொல்லி வாயடைக்கிறேன். இருளர்கள் நீரில் அமர்ந்து வெறுங்கையால் இறால் தடவிப் பிடிப்பதையும், உப்பேறிச் செத்த நிலத்தில் மீன்முள்ளைப் போல வாய்க்கால் வெட்டி, ஓதநீரை உள்ளே விட்டு மரம் வளர்த்ததையும் பொங்கலன்று விடிய விடியச் சொன்ன நீ, இப்போது 'நன்றாக இருக்கிறேன்' என்ற இரண்டே சொல்லோடு தொலைபேசியை வைத்துவிடுகிறாய்.

தில்லை மரக் கிளையை ஒடிக்காதே. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுத்துவிடும்.

பாலக்கோடு பேருந்து நிலையத்தில் மருமகளையும் குழந்தையையும் பார்த்தேன். எப்போது வந்தாய் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. குழந்தைக்கு அன்று பள்ளி நாள் என்பது மட்டும் எனக்கு உறைத்தது. மழையில் படகு ஓடாத நாட்களில் உனக்கு யார் சமைக்கிறார்கள்? தில்லைப் பால் பட்ட கையால் கண்ணைத் துடைக்காதே.

உன் அம்மா கைக்குழந்தையான உன்னைத் தூக்கிக்கொண்டு மாரண்டஅள்ளிக்குப் போன ஐப்பசியில், ஆற்றில் வெள்ளம், பரிசலை விட்டு வர முடியாது என்று உன் மாமாவிடம் சொல்லியனுப்பினேன். வெள்ளம் ஒன்பதே நாளில் வடிந்தது. நான் போனது அடுத்த ஆடியில். நடக்கப் பழகியிருந்த நீ, என்னைக் கண்டதும் அவள் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாய். வெள்ளம் வெறும் சாக்கு என்பதை அவள் இருந்தவரை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

சிதம்பரத்தில் இரவு புறப்பட்டால் விடியற்காலையில் சேலம் வந்துவிடலாம். நான் தருமபுரி பேருந்து நிலையத்தில் நிற்கிறேன். பாலக்கோட்டுக்குச் சேர்ந்தே போவோம். தடை நாளைக்கே நீங்கினாலும் பரிசல் கரையில் கவிழ்ந்தே கிடக்கட்டும்.

அப்பா