எஞ்சினைப் பற்றி மட்டும்

ராயபுரம், சென்னை.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவும் நானும் நலம். வளையல் விஷயம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி நீ இனி யோசிக்க வேண்டாம். கப்பலில் வேலை செய்யும் எதிர்வீட்டுப் பிள்ளை போன வாரம் அந்தமானின் போர்ட் பிளேரிலிருந்து வந்து இறங்கியதும் நேராக நம் வீட்டுக்கு வந்து, உன் படகைப் பற்றிச் சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தான். அவன் சொன்னதையெல்லாம் எழுதி, உண்மையா என்று உன்னைக் கேட்கப் போவதில்லை. புது எஞ்சின் நடுக்கடலில் எதனால் நிற்கும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

படகின் பின்னால் மாட்டும், ஓராண்டு நிறையாத 40 எச்.பி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் தானாகப் பழுதாவது அபூர்வம். காசிமேட்டில் என்னிடம் வந்த எஞ்சின்களில் பல, குளிர்விக்கும் நீர் கிடைக்காமல் வெந்து வந்தவைதான். பின்புறத்துச் சிறு துளையிலிருந்து பீய்ச்சும் நீர்தான் எஞ்சினின் நாடி. புறப்பட்டவுடன் ஒருமுறை அதைப் பார்த்தால் போதும் என்று நினைக்காதே. ஓடும்போதும் அடிக்கடி திரும்பிப் பார். ஒரு பிளாஸ்டிக் பை வந்து நீர் இழுக்கும் சல்லடையில் ஒட்டிக்கொண்டால் அந்தத் தாரை மெலியும், பிறகு நின்றுவிடும். எச்சரிக்கை மணி அதற்குப் பிறகுதான் அடிக்கும். மணி அடித்தபோது நீ என்ன செய்தாய் என்று நான் கேட்கவில்லை. அடித்தால் உடனே வேகத்தைக் குறைத்து, நியூட்ரலுக்கு வந்து, எஞ்சினை நிறுத்தி, நீருக்குள் இறங்கியிருக்கும் எஞ்சின் காலைத் தூக்கிச் சல்லடையைப் பார்க்க வேண்டும். பயணிகள் அவசரப்படுகிறார்கள் என்பதற்காக மணியோடு கரை வரைக்கும் ஓட்டிவிடலாம் என்று நினைத்தால், சிலிண்டர் போய்விடும்.

சல்லடை சுத்தமாக இருந்தும் நீர் வரவில்லை என்றால், நீரை மேலே தள்ளும் பம்புக்குள் சுழலும் இம்பெல்லரைப் பார். அது வெறும் ரப்பர். கரையில் தண்ணீர் இல்லாமல் சில விநாடிகள் எஞ்சினை ஓட்டிக் காட்டினாலே இதழ்கள் கெடத் தொடங்கிவிடும். இதழ் ஒடிந்திருந்தால் புதியதை மாட்டுவதோடு விட்டுவிடாதே. ஒடிந்த துண்டு நீர் போகும் குழாய்க்குள் எங்கோ அடைத்துக் கிடக்கும். அதை எடுக்காத வரையில் புது இம்பெல்லராலும் பயனில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும்போதே கார்புரேட்டரைப் பிரித்து, ஒரு வாஷர்கூட மிச்சமில்லாமல் பூட்டியவன் நீ. பட்டறையில் அதை நான் சொல்லாத ஆள் இல்லை. அந்தக் கையால் செய்ய முடியாதது எதுவும் இதில் இல்லை. செய்ய நேரம் ஒதுக்குவதில்லை, அவ்வளவுதான்.

ஒவ்வொரு நாளும் ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரால் உள்ளே அலச வேண்டும், குறைந்தது பத்து நிமிடம். கோடையில் அங்கே குடிக்கவே தண்ணீர் முறைவைத்து விடுகிறார்கள் என்று நீ ஒருமுறை சொன்னது நினைவிருக்கிறது. ஆனால் அங்கே ஆண்டில் பாதிக்கு மேல் மழை பெய்கிறது. 200 லிட்டர் டிரம்மில் அதைப் பிடித்து மூடி வைத்து, சிறு பம்பு ஒன்றைக் கொண்டு அலசும் துளை வழியாகச் செலுத்தலாம். அந்தத் துளை வழியாக அலசும்போது எஞ்சின் ஓடக்கூடாது. முடித்ததும் காலை நிமிர்த்தி வைத்து, உள்ளே நிற்கும் நீர் வடிந்த பிறகே தூக்கிக் கட்டு. உப்பு காய்ந்து படிந்த குழாயை நான் கம்பியால் குத்தி எடுத்ததை நீ பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாய்.

கால் முழுவதும் அலுமினியம் என்பதை மறந்துவிடாதே. படகின் அடிப்பகுதிக்கு அடிக்கும் செம்பு கலந்த பெயிண்டை அதில் பூசக்கூடாது, அரித்துவிடும். ஜிங்க் கட்டிமீது எந்தப் பெயிண்டும் கூடாது; அது காலுக்குப் பதிலாகக் கரைவதற்காகவே இருப்பது, பாதி கரைந்ததும் மாற்றிவிடு. புரொப்பல்லரைக் கழற்றித் தண்டில் நைலான் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பார். அது நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் சீலை அறுக்கும், உள்ளே கடல்நீர் இறங்கும், கியர் ஆயில் பால்போல வெளுக்கும். எஞ்சின் ஆயிலும் கியர் ஆயிலும் முதல் 20 மணி நேரத்திலும், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறையும் மாற்ற வேண்டியவை. முதல் 20 மணி நேரத்தில் மாற்றினாயா என்று தொலைபேசியில் கேட்டேன். சிக்னல் போய்விட்டது என்றாய்.

நம் ஊர்ப் பழக்கத்தில் அங்கே படகு கட்டாதே. இங்கே அமாவாசையிலும் பௌர்ணமியிலும்கூட வெள்ளம் ஏறி வற்றும் உயரம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். அங்கே அது இரண்டு மீட்டரை நெருங்கும். ஏற்றத்தில் மிதந்த இடத்தில் வற்றத்தில் பவளப் பார் நிற்கும். அங்கே காலை இறக்கிவிட்டபடி கட்டினால் புரொப்பல்லர் நசுங்கும், தண்டு வளையும். பாருக்கு அருகில் போகும்போது வேகத்தைக் குறைத்து, காலைச் சிறிது தூக்கி, வெயில் முதுகில் படும்படி வந்தால் அடி தெரியும். சூரியன் எதிரே இருக்கும் மாலை நேரத்தில் புது வழியில் நுழையாதே.

பெட்ரோலைக் கேனில் வாங்கி நாள்கணக்கில் வைக்காதே. இங்கே இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்து வருகிறது. அது ஈரத்தை உறிஞ்சும், தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கும். ஃபில்டர் கிண்ணத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படு.

அந்தச் சிவப்புச் சுருள் கயிறு உன் மணிக்கட்டில் இருக்கிறதா? அது இடைஞ்சலாக இருக்கிறது என்று நீ ஸ்டியரிங்கில் தொங்கவிட்டிருப்பதை அனுப்பிய படத்திலேயே பார்த்தேன், அம்மாவிடம் சொல்லவில்லை. ஓட்டுபவன் விழுந்தால் எஞ்சினை நிறுத்துவது அந்தக் கயிறு ஒன்றுதான். இல்லையென்றால் படகு வட்டமடித்து, விழுந்தவன்மீதே புரொப்பல்லரோடு திரும்பி வரும். பயணிகள் இல்லாமல் தனியாகப் போகும்போதும் கட்டு. தனியாகப் போகும்போதுதான் கட்டாயம் கட்ட வேண்டும். தனியாகப் போகாமல் இருந்தால் இன்னும் நல்லது. இருட்டிய பிறகு சுக்கானைப் பிடித்துக்கொண்டு நீ ஒருவனே உட்கார்ந்திருந்தாய் என்று அந்தப் பிள்ளை சொன்னது உண்மையா என்று உன்னைக் கேட்கப் போவதில்லை என்று முன்பே எழுதிவிட்டேன்.

ஓடும்போது தாரையைத் திரும்பிப் பார். கயிற்றைக் கட்டு.

இரண்டு இம்பெல்லர் செட், கியர் ஆயில் திருகாணிக்குப் புது வாஷர்கள், ஜிங்க் கட்டி ஒன்று, தண்டுக்குக் கிரீஸ், அம்மா செய்த பருப்புப் பொடி எல்லாம் ஒரே பொட்டலத்தில் எதிர்வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்திருக்கிறேன். அவன்மீது கோபப்படாதே. அடுத்த கப்பல் ஹாடோ துறைக்கு வந்து சேர மூன்று நாள் ஆகும். பொட்டலத்தை வாங்க உன் உதவியாளனை அனுப்பாதே. உன்னை நேரில் பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

அப்பா