செயலாளரின் ஆண்டறிக்கை: இந்த ஆண்டின் உடலசைவுப் பயிற்சி

தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். என் அறிக்கையின் பெரும்பகுதி ஒரே வேலையைப் பற்றியது: குழந்தை பராமரிப்பு மைய ஆசிரியைகளுக்கு நாம் நடத்திய உடலசைவுப் பயிற்சி.

ஓடியாட விட்டால் போதும், பிள்ளை தானாகக் கற்றுக்கொள்ளும் என்றே நம்மில் பலர் நினைத்திருந்தோம். நானும்தான். நடையும் ஓட்டமும் பெரும்பாலும் தானாக வந்துவிடும். எறிவது, பிடிப்பது, உதைப்பது, நொண்டியடிப்பது எல்லாம் யாராவது செய்து காட்டி, திரும்பத் திரும்பச் செய்ய விட்டால்தான் நன்றாகப் படியும்.

முதல் அமர்வில் ஆசிரியைகளையே பந்து எறியச் சொன்னோம். வலக்கையால் எறிந்த பலர் வலக்காலையே முன்னே வைத்தார்கள். இடக்காலை முன்வைத்து, இடுப்பைத் திருப்பி எறிந்ததும் பந்து எதிர்ச்சுவர் வரை போனது. அவ்வளவு நாளும் பிள்ளைகளிடம் ‘நல்லா எறி’ என்று மட்டுமே சொல்லி வந்ததாக ஒரு ஆசிரியை வருத்தப்பட்டார். மறுவாரம் அவருடைய மையத்துக்குப் போனேன். தரையில் சாக்பீஸால் ஒரு பாதம் வரைந்து, ‘இடதுகால் இங்கே’ என்று நாலு வயதுப் பையனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். பந்தை விட்டெறிந்த பையன், அந்தப் பாதத்தின் மேல் நின்றபடியே அவரைத் திரும்பிப் பார்த்தான். இந்த ஆண்டு எனக்கு நிறைவு தந்த காட்சி அது.

பிடிப்பதற்கு மெத்தென்ற பெரிய பந்து வேண்டும். சிறிய பந்தை வேகமாகப் போட்டால் குழந்தை கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதைப் பயந்த பிள்ளை என்று ஒதுக்கிவிடுகிறோம். பந்து பெண் குழந்தைகளின் கைக்கும் போகிறதா என்று பார்க்கும்படி தனியாகவே சொல்ல வேண்டியிருந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதலை வைத்து ஒவ்வொருவரும் தங்கள் நாள் அட்டவணையைக் கணக்குப் பார்த்தார்கள். மூன்று, நான்கு வயதினருக்கு நாளொன்றுக்கு 180 நிமிட அசைவு வேண்டும். அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும். தவழாத குழந்தைக்கு, விழித்திருக்கும்போது நாளில் 30 நிமிடமாவது குப்புறப் படுத்து விளையாட்டு. பலருடைய அட்டவணையில் உட்காரும் நேரமே கூடுதலாக இருந்தது.

நம் பக்கத்துக் குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். முதலில் பயிற்சியை முடித்ததும் விட்டுவிட்டோம். சில வாரங்களில் பழைய வழக்கமே திரும்பியது. நேரில் போய்ப் பக்கத்தில் நின்று பார்க்கத் தொடங்கிய பிறகே மாற்றம் நிலைத்தது. ஒரு மையம், பிள்ளை விழுந்தால் பெற்றோருக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டு விலகிக்கொண்டது. அந்தப் பயம் நியாயமானதே. அதனால் வரும் ஆண்டில் பெற்றோரையும் ஓர் அமர்வுக்கு அழைக்கலாம் என்பது செயற்குழுவின் யோசனை.

அறிக்கையை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்