பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள்

எட்மண்டன்,
மார்கழி மாதம்

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

இங்கே எல்லோரும் சுகம். ஆச்சி, அண்ணன், மைனி, பிள்ளைகள் சுகத்துக்கு எழுதவும். அப்பா, உங்கள் கடிதம் போன வாரம் கிடைத்தது. போனில் உங்களுக்குச் சரியாகக் காது கேட்கவில்லை என்று அம்மா சொன்னாள். அதனால் நானும் எழுதியே அனுப்புகிறேன். போட்டோவில் பிள்ளைகள் மெலிந்து தெரிகிறார்கள், வேலை வேலை என்று ஓடி வெறும் ரொட்டியைக் கொடுத்துத் தூங்க வைக்கிறாயா என்று கேட்டிருக்கிறீர்கள். மெலியவில்லை அப்பா, உயரம் போட்டிருக்கிறார்கள். இருந்தாலும் விவரமாகவே சொல்லிவிடுகிறேன், அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு வாரத்துச் சமையலில் பாதி ஞாயிற்றுக்கிழமையே முடிந்துவிடும். அன்றைக்குத்தான் மாவு அரைப்பேன். வெளியே மைனஸ் 25 போகிற குளிரில் மாவு எங்கே பொங்கும்? ஓவனைச் சூடாக்காமல் உள்ளே இருக்கிற விளக்கை மட்டும் போட்டு, பாத்திரத்தை அதற்குள் வைத்தால் காலைக்குள் நம் ஊர் மாதிரியே பொங்கிவிடுகிறது. கொண்டைக்கடலை, தட்டாம்பயறு எல்லாம் ஊறவைத்து மொத்தமாக அவித்து, வேளைக்கு ஒரு டப்பா என்று ஃப்ரீசரில் போட்டுவிடுவேன். வேலை விட்டு வந்ததும் ஒரு டப்பாவை எடுத்தால் கால் மணி நேரத்தில் குழம்பு ஆகிவிடும். பசியோடு வந்து நின்றுகொண்டு என்ன செய்யலாம் என்று யோசித்தால் எல்லோர் கையும் சிப்ஸ் பாக்கெட்டுக்குத்தான் போகும். காலையில் கேழ்வரகுக் கூழ், இல்லாவிட்டால் உளுந்தங்கஞ்சி. மைனி கொடுத்தனுப்பிய கருப்புக்கட்டியைப் பார்த்துப் பார்த்துத் தட்டிப் போடுகிறேன்.

முருங்கைக்கீரைகூடக் கிடைக்கிறது, உறைய வைத்த பாக்கெட்டில். பட்டாணி, பீன்ஸ், கீரை எல்லாமே நான் அப்படித்தான் வாங்குகிறேன். பறித்த கையோடு உறைய வைப்பதால் சத்து அவ்வளவாகக் குறைவதில்லை. விலைக்காக இல்லை அம்மா, நீ உடனே அப்படி நினைப்பாய்.

பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு கிடையாது, நாம்தான் கட்டிக் கொடுக்க வேண்டும். நிலக்கடலை மட்டும் கூடவே கூடாது. அது ஒத்துக்கொள்ளாத பிள்ளை யாராவது வகுப்பில் இருந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் கடலைத் துவையல் வீட்டோடு சரி. சின்னவன் தயிர்சாதம் கொண்டு போக மாட்டேன் என்று அழுது தீர்த்துவிட்டான். இப்போது கொண்டைக்கடலையை மசித்து, கேரட் துருவிப் போட்டு, சப்பாத்திக்குள் சுருட்டிக் கொடுக்கிறேன். டப்பா காலியாக வருகிறது. அவன்தான் சாப்பிடுகிறானா என்று கேட்காதீர்கள்.

கீழ்வீட்டில் உக்ரைன்காரக் கிழவி ஒருத்தி தனியாக இருக்கிறாள். குளிர்காலம் வந்தால் ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுப் பால்கனியிலேயே எல்லாவற்றையும் வைத்துக்கொள்வாள். பீட்ரூட் சூப் ஒரு குண்டான் நிறைய அங்கே கல்லாய் உறைந்து கிடக்கும். வேண்டும்போது தோசைத் திருப்பியால் கொத்தி எடுப்பாள். ஒரு நாள் பீட்ரூட் இலையைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கொடுத்து, வீணாக்காதே என்று கையை ஆட்டிச் சொன்னாள். தேங்காய் போட்டுப் பொரியல் வைத்தேன். தண்டங்கீரை ருசிதான். பதிலுக்கு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் கொடுத்தேன். மறுநாள் காலித் தட்டோடு வந்து கதவைத் தட்டிவிட்டாள். அவள் கதவைத் தட்டினால் எனக்கும் நல்லதுதான், பேச ஆள் கிடைக்கிறதே.

பெரியவளுக்கு வகுப்பில் தட்டுக் கணக்கு சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கனடா அரசாங்கம் 2019-ல் போட்ட உணவு வழிகாட்டியில் இருப்பது. தட்டில் பாதி காய்கறி, பழம். கால் பங்கு பயறு, மீன், முட்டை மாதிரி. மீதிக் கால்தான் தானியம், அதுவும் தவிடு நீக்காதது. குடிக்கத் தண்ணீர். இப்போது என் தட்டைப் பார்த்து, அம்மா, சோறு எல்லை தாண்டிவிட்டது என்கிறாள். மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிடுங்கள் என்றும் அதில் போட்டிருக்கிறதாம். அது எங்களுக்கு ஞாயிறு மத்தியானம் மட்டும்தான் வாய்க்கிறது. உங்கள் மாப்பிள்ளைக்குப் பகல் வேலையில் நேரத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டார்கள். சும்மா இருப்பானேன் என்று அவுக ராத்திரி ஒரு கிடங்குக்கும் போகிறார்கள். நான் வரும்போது கிளம்பியிருப்பார்கள். காரையும் கொடுத்துவிட்டோம், குளிரில் ஓயாத தொந்தரவு. பஸ் பக்கத்திலேயே வருகிறது, நடப்பது உடம்புக்கும் நல்லது.

நேற்று பெரியவள், பொங்கலுக்கு ஊரில் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். சிறுவீட்டுப் பொங்கலைச் சொல்ல ஆரம்பித்தேன். வாசலில் மண்வீடு கட்டி, நானும் தங்கச்சியும் பொங்கல் வைத்து, அப்புறம் ஆற்றுக்கு எடுத்துக்கொண்டு போவோமே, அதை. பாதியில் என்னால் சொல்ல முடியவில்லை. அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று எழுந்து போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அம்மா, இந்த வருஷம் பனங்கிழங்கு அவிக்கும்போது... சரி, விடு.

அப்பா, உங்கள் சர்க்கரையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, அண்ணன் சொல்லித்தான் தெரியும். கருப்புக்கட்டிக் காப்பி என்றால் ஒன்றும் செய்யாது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அதுவும் ஏற்றத்தான் செய்யும். பேத்தியின் தட்டுக் கணக்கு உங்களுக்கும்தான். சோற்றைக் குறைத்து அவியலும் பொரியலும் கூட வையுங்கள். மூன்று மாதச் சராசரி பார்க்கிற ரத்தப் பரிசோதனையை அம்பாசமுத்திரத்திலேயே எடுத்து, அந்தத் தாளை அண்ணனை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஓடு மாற்றுவதற்குத் தையிலேயே பணம் அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். பிசானம் அறுப்பு முடிகிற வரை பொறுக்க முடியுமா? ஒழுகுகிற இடத்துக்கு மட்டும் இப்போது தார்ப்பாய் போட்டுக்கொள்ளலாம். தங்கச்சிக்கு வந்திருக்கிற வரன் நல்ல இடம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. மேலத்தெரு சித்தி ஏதோ சொன்னாள் என்று தள்ளிப் போடாதீர்கள். கீழவயல் விஷயத்தில் என் கையெழுத்து வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதுங்கள். தூதரகம் வழியாகப் பவர் எழுதி அனுப்ப நாளாகும். அண்ணனிடம் கேட்காமல் குத்தகைக்காரரிடம் முன்பணம் வாங்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகள்